அப்டேட்டால் சிக்கலா? பழைய பதிப்புக்குத் திரும்பலாம்!

2002-ல் வெளிவந்த ஆர்ச் லினக்ஸ் 'ரோலிங் ரிலீஸ்' வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு அப்டேட்டிலும் எல்லா மென்பொருட்களும் புதிய பதிப்புக்கு மாறிவிடும். பென்னாகரத்தில் என் கம்ப்யூட்டரில் கெர்னல் அப்டேட்டுக்குப் பின் வை-ஃபை நின்றுவிட்டது. இன்டர்நெட் இல்லாமல் பழைய கெர்னலுக்கு எங்கே போவது?

கவலை வேண்டாம். முன்பு டவுன்லோட் செய்த ஃபைல், அழிக்காதவரை உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கும். 'வார்' ஃபோல்டருக்குள் கேஷ், பேக்மேன், பிகேஜி என வரிசையாகத் திறந்து பாருங்கள். ரூட் அனுமதியுடன் 'பேக்மேன்' கட்டளை, இடைவெளி விட்டு ஹைபன், பெரிய 'யூ', பிறகு பழைய ஃபைலின் முழு முகவரி ஆகியவற்றை டைப் செய்து என்டர் தட்டுங்கள். ரீஸ்டார்ட் செய்ததும் எனக்கு வை-ஃபை வந்துவிட்டது.

பேக்மேன் கான்ஃபிக் ஃபைலில் 'இக்னோர் பேக்கேஜ்' வரியில் அதன் பெயரைச் சேர்த்தால் அடுத்த அப்டேட்டில் மாறாது. ஆனால் நெடுநாள் அப்படியே விடாதீர்கள்; பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காது. கேஷை முழுவதும் அழித்துவிடவும் வேண்டாம்!