குளிர்காலத்தில் கார் நிறுத்தி வைத்தல்

குளிர்காலத்தில் கார் நிறுத்தி வைத்தல் என்பது, கடும் பனி பெய்யும் நாடுகளில் ஒரு காரைப் பல மாதங்கள் ஓட்டாமல் ஓரிடத்தில் வைத்து, வசந்த காலத்தில் பழுதின்றி மீண்டும் எடுப்பதற்காகச் செய்யப்படும் ஆயத்தப் பணிகளைக் குறிக்கும். கனடா, அமெரிக்காவின் வட மாநிலங்கள், செருமனி, சுவீடன், பின்லாந்து முதலிய இடங்களில் இது பரவலான வழக்கம். பழைய கார்கள், திறந்த கூரைக் கார்கள், ஸ்போர்ட்ஸ் கார்கள் ஆகியவை பெரும்பாலும் நவம்பரில் நிறுத்தப்பட்டு மார்ச் அல்லது ஏப்ரலில் வெளியே எடுக்கப்படுகின்றன. குளிர் மாதங்களில் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ சென்று திரும்பும் கனடாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தத் தேவை எழுவதுண்டு.

ஓடாத கார் கெடாது என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் நிற்கும் காரிலும் பேட்டரி இறங்குகிறது, பெட்ரோல் பழசாகிறது, டயர் ஒரே இடத்தில் அழுந்துகிறது, பிரேக் ஒட்டிக்கொள்கிறது. இவை அனைத்தையும் நிறுத்துவதற்கு முன் செய்யும் அரை நாள் வேலையால் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சாலை உப்பு

பனி உறையாமல் இருக்கச் சாலைகளில் உப்பு தூவப்படுகிறது. உப்பு கலந்த நீர் தூய நீரைவிடக் குறைந்த வெப்பநிலையில்தான் உறையும் என்பதே இதன் அடிப்படை. ஆனால் அதே உப்புநீர் காரின் அடிப்பகுதியில் படிந்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கிறது. உறைபனியைவிடச் சற்று வெதுவெதுப்பான, ஈரமான நிலையில் துரு விரைவாகப் பரவும். ஆகவே உப்பு படிந்த காரை அப்படியே சூடேற்றிய கொட்டகையில் நிறுத்துவது, வெளியே நிறுத்துவதைவிடத் தீங்கானதாக அமையலாம். முடிந்தால் முதல் உப்பு தூவப்படும் முன்பே காரை நிறுத்திவிடுவது நல்லது.

கழுவுதலும் இடமும்

நிறுத்துவதற்கு முன் காரின் மேற்புறம், சக்கர வளைவுகள், அடிப்பகுதி ஆகியவற்றைக் கழுவி நன்கு உலர விட வேண்டும். பறவை எச்சமும் மரப்பாலும் மாதக்கணக்கில் இருந்தால் வண்ணப்பூச்சை அரிக்கும். கழுவியபின் மெழுகு பூசுவது ஒரு காப்புப் படலமாகும். உள்ளே தரை விரிப்புகளின் ஈரத்தைப் போக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஈரமற்ற, மூடிய கொட்டகையே சிறந்த இடம். மண் தரையாக இருந்தால், கீழிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கத் தரையில் நெகிழித் தாள் விரிக்கலாம். ஆனால் காரின் மேல் நெகிழித் தாளைப் போர்த்தக் கூடாது. அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது.

எரிபொருள்

பெட்ரோல் நாளடைவில் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் வினைபுரிந்து பிசின் போன்ற படிவுகளை உண்டாக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் ஈர்க்கும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். இதனைக் குறைக்க, தொட்டியை ஏறக்குறைய நிரப்பி வைப்பார்கள். மேலே காற்றுக்கு இடம் குறைந்தால், அதிலிருந்து வடியும் ஈரமும் குறையும்.

பெட்ரோல் கெடாமல் காக்கும் நிலைப்படுத்தி மருந்தை, அதன் புட்டியில் குறித்த அளவில் புதிய பெட்ரோலுடன் சேர்க்க வேண்டும். அதன்பின் சில நிமிடங்கள் காரை ஓட்டினால்தான் மருந்து கலந்த பெட்ரோல் குழாய்களையும் எஞ்சினையும் சென்றடையும். ஏற்கெனவே கெட்டுப்போன பெட்ரோலை இம்மருந்து சரிசெய்யாது.

எஞ்சின் ஆயிலும் கூலன்ட்டும்

ஓடிய ஆயிலில் நீரும் அமிலத் தன்மையுள்ள எரிப்புக் கழிவுகளும் கலந்திருக்கும். அவை மாதக்கணக்கில் எஞ்சினின் உட்பாகங்களில் படிந்திருப்பது நல்லதல்ல. எனவே வசந்தத்தில் மாற்றுவதைவிட, நிறுத்துவதற்கு முன்பே ஆயிலையும் வடிகட்டியையும் மாற்றுவது பொருத்தமானது.

நீர் உறையும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடும். ரேடியேட்டரில் வெறும் நீரோ மிகவும் நீர்த்த கூலன்ட்டோ இருந்தால், அந்த விரிவு எஞ்சின் உடலையே பிளந்துவிடக்கூடும். எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்டும் நீரும் சரிபாதியாகக் கலந்த கலவை ஏறத்தாழ −37 பாகை செல்சியசு வரை காக்கும். கலவையின் வலிமையை அதற்கான சிறு கருவியால் சோதிக்கலாம். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள கடும் நஞ்சு. தரையில் சிந்தியதை நாயோ பூனையோ குழந்தையோ அண்டுவதற்கு முன் உடனே துடைக்க வேண்டும். கண்ணாடி கழுவும் நீரும் குளிர்கால வகையாக இருக்க வேண்டும்.

பேட்டரி

நிறுத்திய காரிலும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கை, கணினிகள் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் ஒரு நாளில் 1.2 ஆம்பியர்-மணியைச் செலவிடும். அந்தக் கணக்கில் 60 ஆம்பியர்-மணி பேட்டரி 50 நாட்களில் தீர்ந்துவிடும். அதற்கு வெகுமுன்பே எஞ்சினைக் கிளப்பும் வலு போய்விடும்.

பேட்டரி இறங்குவது குளிரில் இன்னொரு கேட்டையும் தரும். முழுதும் ஏறிய ஈய-அமில பேட்டரி கனடாவின் சாதாரணக் குளிரில் உறையாது. முற்றிலும் இறங்கியதன் நீர்மமோ ஏறக்குறைய நீரைப் போலாகி, உறைநிலைக்குச் சில பாகைகள் கீழேயே உறைந்து, பெட்டியைப் பிளந்துவிடும். உறைந்த பேட்டரி வெடிக்கக்கூடும் என்பதால் அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது.

மின் இணைப்புள்ள கொட்டகையில், அளவறிந்து தானே நின்று தொடரும் பராமரிப்புச் சார்ஜரைப் பொருத்தலாம். இல்லாவிட்டால் பேட்டரியை முழுதும் ஏற்றி, முதலில் எதிர்முனையைக் கழற்றி வைக்கலாம். திரும்ப மாட்டும்போது எதிர்முனை கடைசியாக வர வேண்டும். சில கார்களில் பேட்டரி பின்பெட்டியில் இருக்கும். அதன் மின்பூட்டு பேட்டரி இல்லாமல் திறக்காது என்பதால், கழற்றும் முன் கையேட்டைப் பார்ப்பது நல்லது.

டயரும் பிரேக்கும்

ஒரே இடத்தில் நிற்கும் டயரின் தரை தொடும் பகுதி தட்டையாகும். குளிரில் காற்றழுத்தமும் குறையும். எனவே டயரின் பக்கவாட்டில் குறித்துள்ள உச்ச அளவை மீறாமல், வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகக் காற்று அடைப்பார்கள். சிறிய தட்டை பெரும்பாலும் சில கிலோமீட்டர் ஓடியதும் சரியாகிவிடும். கோடைக்கால டயரின் ரப்பர் கடுங்குளிரில் இறுகி விரிசல் விடக்கூடும் என்பதால், அந்நிலையில் காரை நகர்த்தாமல் இருப்பதே நல்லது.

கை பிரேக்கைப் போட்டு வைக்கக் கூடாது. பிரேக் கட்டைகள் துருவேறி வட்டுடனோ உருளையுடனோ ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, காரைக் கியரில் விட வேண்டும். தானியங்கிக் கியர் கார்களில் பார்க் நிலை போதும்.

எலித் தொல்லை

குளிருக்கு ஒதுங்க இடம் தேடும் எலிகளுக்கு நிறுத்திய கார் நல்ல கூடாகும். அவை மின்கம்பிகளின் உறையைக் கடிக்கும், காற்று வடிகட்டியில் கூடு கட்டும். காரினுள் உணவுத் துணுக்கு ஒன்றும் இருக்கக் கூடாது. புகைக்குழாய் வாயையும் காற்று நுழையும் வாயையும் கம்பி வலையால் அடைக்கலாம். அடைத்த இடங்களை எழுதி ஸ்டியரிங்கில் கட்டித் தொங்கவிடுவது, வசந்தத்தில் மறக்காமல் எடுக்க உதவும்.

இடையில் எஞ்சினை இயக்குதல்

வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் எஞ்சினை ஓடவிடுவது நல்லது என்று பலர் கருதுகின்றனர். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நீர் உண்டாகிறது. எஞ்சின் முழுதும் சூடாகாவிட்டால் அதில் ஒரு பகுதி புகைக்குழாயிலும் ஆயிலிலும் தங்கித் துருவுக்கு வழிசெய்யும். கிளப்புவதற்குச் செலவான மின்சாரமும் அந்தச் சில நிமிடங்களில் திரும்ப ஏறாது.

இதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வளி, மூடிய கொட்டகையில் சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கும் அளவை எட்டலாம். கதவு திறந்திருந்தாலும் வீட்டோடு ஒட்டிய கொட்டகையிலிருந்து அது வீட்டினுள் பரவும். எனவே கொட்டகையினுள் எஞ்சினை ஓடவிடவே கூடாது.

மின்சாரக் கார்கள்

இலித்தியம்-அயனி பேட்டரியை முழுதும் ஏற்றியோ முழுதும் இறக்கியோ நீண்ட நாள் வைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும். ஏறத்தாழப் பாதியளவு மின்னேற்றமே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. சரியான அளவு காரின் கையேட்டில் இருக்கும். இவற்றிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி பெரும்பாலும் உண்டு, அதற்கும் கவனம் தேவை.

சட்டமும் காப்பீடும்

செருமனியில் 1997 முதல் பருவகால எண்பலகை முறை உள்ளது. ஆண்டுக்கு 2 முதல் 11 மாதங்கள் வரை காரை ஓட்டும் காலம் பலகையிலேயே பொறிக்கப்படும். வரி அந்த மாதங்களுக்கு மட்டுமே. எஞ்சிய மாதங்களில் காரைப் பொதுச் சாலையில் ஓட்டவும் நிறுத்தவும் கூடாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம் என்பதால், கோடை டயருடன் நிற்கும் காரை அக்காலத்தில் சாலைக்கு எடுக்க முடியாது.

காப்பீட்டை முழுதும் நிறுத்திவிடுவது தவறு. நிற்கும் காருக்கும் தீ, திருட்டு, கூரை சரிதல் ஆகியவை நேரலாம். ஓட்டுவதற்கான பகுதியை மட்டும் நிறுத்தி வைத்து, இவற்றுக்கான பகுதியைத் தொடர்வதே வழக்கம்.

வசந்தத்தில் மீண்டும் எடுத்தல்

முதலில் அடைப்புகளை அகற்றி, எலிக்கூடு, கடிபட்ட கம்பி, தரையில் ஒழுகிய கறை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஆயில், கூலன்ட், பிரேக் திரவம் ஆகியவற்றின் அளவைச் சரிபார்த்து, டயர் காற்றை வழக்கமான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சினைக் கிளப்பியவுடன் காரைக் கொட்டகைக்கு வெளியே நகர்த்திவிட வேண்டும். பிரேக் வட்டுகளில் படிந்த மெல்லிய துரு சில முறை மெதுவாகப் பிரேக் அழுத்தியதும் நீங்கும். அதுவரை வேகமாக ஓட்டக் கூடாது.