மோட்டார் வியாபாரி எடுத்த பாரதக் கதை

காஞ்சிபுரத்தில் பாண்டவ தூதப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்களுக்குப் பாரதக் கதையை எடுத்துச் சொல்ல வேண்டுமா? தொண்டை நாட்டில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதப் பிரசங்கமும் தெருக்கூத்தும் உண்டு. தறியில் உட்கார்ந்திருப்பவர் முதல் வீட்டுப் பாட்டி வரை எல்லோருக்கும் கீசகனைத் தெரியும். அதை நம்பித்தான் தமிழ்நாட்டின் முதல் கதைப்படம் பிறந்தது. படத்தின் பெயரே 'கீசக வதம்'.

எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். 1885-ல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் மோட்டார் வியாபாரம் செய்தவர். பால்கேயின் படங்களைப் பார்த்ததும் தாமும் படம் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றிக்கொண்டது. பூனாவுக்குச் சென்று, ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் காமிராத் தொழிலைக் கற்றார். புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டூடியோ அமைத்தார்.

அந்த ஸ்டூடியோவில் இன்று போல் பெரிய விளக்குகள் ஏது? மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். அதன் வழியே இறங்கிய சூரிய வெளிச்சத்தில்தான் நடிப்பு. காமிராவையோ கையால் சுற்ற வேண்டும். பிலிமைக் கழுவக் குளிர்ந்த இடம் தேவை என்பதால் பெங்களூருக்குக் கொண்டு போனார்கள்.

1917-18-ல் முடிந்த அந்தப் படத்துக்குச் செலவு சுமார் 35,000 ரூபாய். அந்நாளில் அது பெரும் பணம். ஆனால் முதலியார் நஷ்டப்படவில்லை. படம் நல்ல லாபம் தந்தது.

படத்தில் பேச்சு இல்லை. இடையிடையே எழுத்துக்கள்தான் வரும். படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? பேசாப் படக் காலத்தில் கொட்டகைகளில் ஒருவர் நின்று கதை சொல்வது வழக்கம். ஜப்பானில் அப்படிச் சொல்பவருக்கு 'பென்ஷி' என்று பெயர். அங்கே அவர்கள் நடிகர்களைப் போலவே புகழ் பெற்றார்கள்!

'திரௌபதி வஸ்திராபஹரணம்', 'லவ குசா', 'மார்க்கண்டேயா' என்று முதலியார் மேலும் படங்கள் எடுத்தார். பிறகு வந்தது சோதனை. ஸ்டூடியோ தீக்கிரையாயிற்று, அருமை மகனும் மாண்டான். 1923-ல் அவர் படத்தொழிலை விட்டு விலகினார். 1971-ல் காலமானார்.

அவர் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று நமக்குக் கிடைக்கவில்லை. பட்டுப் புடவையைத் துணியில் சுற்றிப் பேத்திக்காகப் பாதுகாக்கிறோம். வீட்டுப் பரணில் பழைய பிலிம் சுருளோ, நாடக நோட்டீஸோ, போட்டோவோ இருந்தால் அதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதுவும் நம் பாட்டன் வைத்துவிட்டுப் போன சொத்துதான்.