வறுமைச் சூழலில் வளரும் குழந்தைகளும் கலைக்கல்வியும்

வறுமை சார்ந்த மன அழுத்தம் என்பது, வருமானக் குறைவால் ஒரு குடும்பத்தில் தொடர்ந்து நிலவும் நெருக்கடிகள் குழந்தையின் உடலிலும் மனத்திலும் ஏற்படுத்தும் பாதிப்பைக் குறிக்கும். வாடகை கட்ட முடியாமல் அடிக்கடி வீடு மாறுதல், இடநெருக்கடி, ஓயாத இரைச்சல், அடுத்த வேளை உணவு பற்றிய நிச்சயமின்மை, பெற்றோரின் கவலை ஆகியன இதற்கான காரணங்களுள் சில. மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குத் தன்னை வருத்துவது எது என்று சொல்லத் தெரியாது. பிடிவாதம், அழுகை, கவனமின்மை போன்ற வடிவங்களிலேயே அது வெளிப்படும். இத்தகைய குழந்தைகளுக்கு இசை, நடனம், ஓவியம் ஆகியவை எவ்வாறு உதவுகின்றன என்பதை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நடந்த ஆய்வுகள் விளக்குகின்றன.

மன அழுத்தமும் உடலும்

ஆபத்தை உணரும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்டிசோல் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இது இரத்தத்தில் சர்க்கரையின் அளவை உயர்த்தி, உடலுக்கு உடனடி ஆற்றல் தருகிறது. நாய் துரத்தும்போது ஓடித் தப்ப இது உதவும். ஆபத்து நீங்கியதும் இதன் அளவு குறைய வேண்டும்.

நெருக்கடி நாள்தோறும் தொடர்ந்தால் இந்த அமைப்புக்கு ஓய்வு கிடைப்பதில்லை. நீண்டகால மன அழுத்தம் நினைவாற்றல், கவனம், நோய் எதிர்ப்புத் திறன் ஆகியவற்றைப் பாதிக்கிறது. மூளை வேகமாக வளரும் முதல் ஐந்தாண்டுகளில் இந்தப் பாதிப்பு கூடுதல் கவலைக்குரியது. கார்டிசோலின் அளவை உமிழ்நீரிலிருந்தே கண்டறியலாம். ஊசி தேவைப்படாததால் சிறு குழந்தைகளிடம் ஆய்வு செய்ய இம்முறை ஏற்றது.

பிலடெல்பியா ஆய்வு

குறைந்த வருமானக் குடும்பங்களின் குழந்தைகளுக்காக அமெரிக்க அரசு 1965இல் ஹெட் ஸ்டார்ட் என்னும் திட்டத்தைத் தொடங்கியது. முன்பருவக் கல்வியுடன் உணவு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றையும் இது வழங்குகிறது. பிலடெல்பியாவில் 1908இல் நிறுவப்பட்ட செட்டில்மென்ட் இசைப்பள்ளி, கெலைடோஸ்கோப் என்னும் மழலையர் கல்வித் திட்டத்தை நடத்தி வந்தது. அங்கு ஹெட் ஸ்டார்ட் குழந்தைகள் வழக்கமான வகுப்புகளோடு இசை, நடனம், ஓவிய வகுப்புகளிலும் கலை ஆசிரியர்களிடம் பயின்றனர்.

வெஸ்ட் செஸ்டர் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் எலினார் பிரவுனும் அவருடைய குழுவினரும் 3 முதல் 5 வயது வரையான 310 குழந்தைகளை ஆராய்ந்தனர். எந்த நாளில் யாருக்குக் கலை வகுப்பு, யாருக்கு வழக்கமான வகுப்பு என்னும் கால அட்டவணை குலுக்கல் போன்ற முறையில் பிரித்தளிக்கப்பட்டது. கல்வியாண்டின் தொடக்கத்திலும் நடுவிலும் இறுதியிலும், காலையிலும் வகுப்புகளுக்குப் பின்னரும் உமிழ்நீர் மாதிரிகள் எடுக்கப்பட்டன. ஒரு குழந்தையின் அளவுகள் அதே குழந்தையின் மற்ற அளவுகளுடன் ஒப்பிடப்பட்டதால், குடும்பங்களுக்கு இடையிலான வேறுபாடுகள் முடிவைத் திரித்துவிட வாய்ப்பு குறைவு.

வழக்கமான வகுப்புக்குப் பின் இருந்ததைவிடக் கலை வகுப்புக்குப் பின் கார்டிசோல் குறைவாக இருந்தது. இசை, நடனம், ஓவியம் மூன்றிலும் தனித்தனியாகவும் இதே முடிவு கிடைத்தது. ஆனால் இந்த வேறுபாடு ஆண்டின் நடுவிலும் இறுதியிலும் மட்டுமே காணப்பட்டது, தொடக்கத்தில் இல்லை.

கலைகள் உதவும் விதம்

கலை வகுப்பு ஏன் அமைதி தருகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் கூறப்படுகின்றன.

ஒழுங்கு: அடுத்து என்ன நேரும் என்று தெரியாத வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கு, தாளமும் திரும்பத் திரும்ப வரும் பாட்டும் ஓர் உறுதியைத் தருகின்றன.

தன்னடக்கம்: மேளம் ஒலிக்கும்போது ஆடி, நின்றதும் அசையாமல் நிற்கும் விளையாட்டில் குழந்தை தன் உடலைத் தானே கட்டுப்படுத்தப் பழகுகிறது.

வெளிப்பாடு: சொல்லத் தெரியாத பயத்தையும் கோபத்தையும் வண்ணத்திலும் அசைவிலும் காட்ட முடிகிறது. ஓவியத்தில் தவறான விடை என்று ஒன்றில்லை.

உறவு: நாள்தோறும் பொறுமையுடன் உடனிருக்கும் ஆசிரியர் குழந்தையின் நம்பிக்கைக்கு உரியவராகிறார்.

எலினார் பிரவுன் பங்கேற்று 2013இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் இதற்கு வலுச்சேர்க்கிறது. கலை வகுப்புகள் இணைக்கப்படாத ஒரு மழலையர் பள்ளியின் குழந்தைகளோடு ஒப்பிடுகையில், கெலைடோஸ்கோப் குழந்தைகளிடம் ஆர்வம், மகிழ்ச்சி, பெருமிதம் ஆகியவை கூடுதலாகக் காணப்பட்டன. உணர்ச்சிகளை நெறிப்படுத்தும் திறனிலும் அவர்கள் அதிக முன்னேற்றம் கண்டனர்.

வரம்புகளும் படிப்பினையும்

கலை வகுப்பு வாடகையைக் கட்டாது, சமையலறையை நிரப்பாது. மேற்கண்ட ஆய்வு அளந்ததும் பள்ளி நேரத்து மாற்றத்தையே. எனவே உணவு, மருத்துவம், குடும்ப வருமானம் ஆகியவற்றுக்கான உதவிகளுக்கு இது மாற்றாகாது. அவற்றோடு சேர்ந்து இயங்க வேண்டியது.

ஆண்டின் தொடக்கத்தில் பலன் தெரியவில்லை என்பது கல்வித் திட்டமிடுவோர் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி. புதிய இடமும் புதிய ஆசிரியரும் பழகிய பின்னரே அமைதி வந்தது. ஆண்டு விழாவுக்காகச் சில நாள்கள் நடத்தப்படும் ஒத்திகை இந்தப் பயனைத் தரும் என எதிர்பார்க்க முடியாது. நிதி குறையும்போது முதலில் நீக்கப்படுவது பெரும்பாலும் பாட்டும் ஓவியமும்தான். இடையில் நிறுத்தினால், குழந்தை பழகித் தேறும் அந்தக் காலமே பறிபோகிறது.