தண்ணீர்த் தொட்டிக்குள் ஈயம்!

பிரிட்டனில் குறுகிய பாதை மாடல் ரயில் எஞ்சின் வடிவமைத்து விற்பவர்கள் பலருக்கு வீட்டுப் பின்னறைதான் தொழிற்சாலை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரெசின் பிரிண்டர், மூக்கைத் துளைக்கும் ஆல்கஹால் வாடை, அவ்வளவுதான்! ஆனால் உள்ளே நடக்கிற தில்லாலங்கடி இருக்கிறதே... அப்பப்பா!

வேலை சக்கரத்திலிருந்துதான் ஆரம்பம். '009' என்ற அளவில் எல்லாம் அசலில் 76.2-ல் ஒரு பங்கு. தண்டவாளத்தின் அகலம் 9 மி.மீ. ஏன் 9? 009-ஐவிடச் சிறிய 'என்' வகை மாடல்கள் ஓடுவதும் அதே பாதையில்தான். அதனால் மோட்டாரும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டம், அதாவது சேஸிஸ், ரெடிமேடாகக் கிடைக்கும். ஆக, ஜப்பானின் காட்டோ நிறுவனம் குட்டி ரயில்களுக்கென்று செய்யும் சேஸிஸ், வேல்ஸ் மலையில் ஸ்லேட் கல் இழுத்த எஞ்சினின் வயிற்றுக்குள் ஜம்மென்று போய் உட்கார்ந்துகொள்கிறது!

ஒரு பெருக்கல் போடுவோமா? 9 மி.மீ.யை 76.2-ஆல் பெருக்கினால் 686 மி.மீ. வேல்ஸில் உள்ள டாலிலின் ரயில்பாதையின் அசல் அகலம் அச்சு அசலாக அதே! மூடப்போன பாதையைத் தன்னார்வலர்கள் 1951-ல் கையில் எடுத்து இன்றுவரை ஓட்டுகிறார்கள். அதைவிடக் குறுகலான இரண்டடிப் பாதை எஞ்சின்கள்தான் பாவம், மாடலில் சற்றுக் காலை அகட்டி நிற்கின்றன.

அங்கே ஓடும் 1864-ம் வருடத்து 'டாலிலின்' எஞ்சினையே எடுத்துக்கொள்ளுங்கள். பாய்லர் மேல் தண்ணீர்த் தொட்டி சேணம்போல் கவிழ்ந்திருக்கும். இப்படிப்பட்ட எஞ்சினில் பாய்லருக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால்தான் ரசிகர்கள் மெச்சுவார்கள். மோட்டாரோ அங்கேதான் துருத்திக்கொண்டு நிற்கும்! வடிவமைப்பவர் தொட்டியை அரை மி.மீ. தடிமனாக்குவார், கேபினைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார். கண்ணை ஏமாற்றும் வேலை. ஆனால் ஸ்கேல் வைத்துப் பார்ப்பவரிடம் மாட்டக் கூடாது.

ஆணித்தலைகள் இன்னும் வேடிக்கை. அசலில் 20 மி.மீ. என்றால் மாடலில் 0.26 மி.மீ. அப்படியே அச்சிட்டால் ஒரு கோட் பெயின்டில் காணாமல் போய்விடும். அதனால் தெரிந்தே பெரிதாக்குகிறார்கள். அச்சிடும்போது தாங்கு குச்சிகள் விட்டுப்போகும் தழும்புகள் வெளியே தெரியாத அடிப்பக்கமாக விழும்படி உடலைச் சாய்த்துவைப்பது தனிக் கலை. கைப்பிடிக் கம்பியை மட்டும் பித்தளையிலேயே செய்துவிடுவது நல்லது. ரெசினில் செய்தால் தொட்டதும் ஒடியும்.

ரெசின் உடலுக்கு எடை போதாது. நாலு பெட்டி மாட்டினாலே சக்கரம் வழுக்கும். எனவே அசலில் தண்ணீர் நிரப்பிய அதே தொட்டிக்குள் இங்கே ஈயத்தை அடைக்கிறார்கள்!

விற்பது பெரும்பாலும் உடல் மட்டும்தான். சேஸிஸ் வாங்குவதும் பெயின்ட் அடிப்பதும் வாடிக்கையாளர் பாடு. கையளவு ஆர்டரைவைத்துத் தொழில் நடத்த அதுதான் வழி. ஒரே பயம், அந்த சேஸிஸின் உற்பத்தி நின்றுபோவது. நின்றால், வரைபடத்தை மறுபடி அடியிலிருந்து மாற்ற வேண்டும்.

உங்களுக்கும் ஆசை வந்துவிட்டதா? உடலின் அழகில் மயங்கிப் பணம் கட்டாதீர்கள். அதற்குப் பொருந்தும் சேஸிஸ் இன்னும் கடையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.