தனியே 1,135 டிகிரி தாங்கும் யுரேனியம், இரும்போடு சேர்ந்தால் 725-லேயே உருகும்! - கொல்லிமலை டு கல்பாக்கம் ஓர் உலோகக் கதை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் செம்மேடு. இந்த மலையில் வெட்டியெடுத்த பாக்சைட்தான் ஒருகாலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது.

பாக்சைட்டைச் சுத்திகரித்தால் கிடைப்பது அலுமினா. அதை உருக்க 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும். ஆனால், அலுமினிய ஆலைகளில் கிரையோலைட் என்ற உப்பை உருக்கி, அதில் சுமார் 960 டிகிரியிலேயே அலுமினாவைக் கரைத்துவிடுகிறார்கள். குல்ஃபி செய்பவர் ஐஸ்கட்டியில் உப்பு போடுவதும் இதே கணக்குதான். உப்பு சேர்ந்தால், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழேயே ஐஸ் உருகும்.

உலோகங்களும் இப்படித்தான். யுரேனியம் உருக 1,135 டிகிரி வேண்டும், இரும்புக்கு 1,538. இரண்டும் ஒட்டியிருந்தால், தொடும் இடத்தில் சுமார் 725 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும்!

ஆலையில் இது வசதி. அணு உலையில் ஆபத்து.

கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. வருங்கால ஈனுலைகளுக்காக யுரேனியம், புளூட்டோனியம், சிர்க்கோனியம் கலந்த உலோக எரிபொருளை இந்த மையம் ஆராய்கிறது. எரிபொருளைச் சுற்றியிருப்பது எஃகுக் குழாய். அதைச் சுற்றி 500 டிகிரிக்கும் மேலான சூட்டில் திரவ சோடியம் ஓடும். எரிபொருளும் எஃகும் எந்தச் சூட்டில் சேர்ந்து உருகும் என்று துல்லியமாகத் தெரியாவிட்டால், குழாய் ஓட்டையாகிவிடும்.

எப்படி அளக்கிறார்கள்?

ஓர் உலையில் இரண்டு குட்டிக் கிண்ணங்கள். ஒன்றில் கலவை, இன்னொன்று ஒப்பிடுவதற்கு. உலோகம் காற்றோடு வினைபுரியாமலிருக்க ஆர்கான் வாயுவை நிரப்பி, இரண்டையும் ஒரே சீராகச் சூடாக்குவார்கள். உருகத் தொடங்கியதும் கலவை கூடுதல் வெப்பத்தை உள்வாங்கும். அதன் சூடு ஏறுவது பின்தங்கும். அந்த வித்தியாசத்தை வெப்பமானி காட்டிவிடும். உருகும் புள்ளி மட்டுமல்ல, எவ்வளவு வெப்பத்தை உள்வாங்கியது என்பதும் தெரிந்துவிடும்.

இப்படிக் கிடைக்கும் எண்களை வைத்துத்தான் எரிபொருளில் எது எவ்வளவு கலக்கலாம், எந்தச் சூடுவரை போகலாம் என முடிவாகும். கலவையின் உருகுநிலையை உயர்த்தவும், எஃகோடு சேர்ந்து சீக்கிரம் உருகாமல் காக்கவும்தான் அதில் சிர்க்கோனியம் சேர்க்கிறார்கள்.

இன்னொரு ஆச்சர்யம்... இதுபோன்ற சோதனைகளுக்குப் பயன்படும் கிண்ணங்கள் பலவும் அலுமினாவால் ஆனவை. பாக்சைட்டிலிருந்து கிடைக்கும் அதே அலுமினா!