குடும்ப உறவுப் பிணக்கும் இருப்பியல் உளச்சிகிச்சையும்

குடும்பப் பிணக்கினைத் தீர்க்க முற்படுவோர், 'தவறு யாருடையது?' என்னும் வினாவையே பெரும்பாலும் முதலில் எழுப்புவர். இருப்பியல் உளச்சிகிச்சையோ அதனைச் சற்றே ஒதுக்கி, 'இவ்வுறவில் நான் எவ்வாறு வாழ்கின்றேன்? எவ்வாறு வாழத் தெரிவு செய்கின்றேன்?' என வினவத் தூண்டுகின்றது. இவ்வினா மாற்றமே அதன் அடிப்படை எனலாம்.

கீர்க்கேகாட், ஹைடெகர் முதலியோரின் மெய்யியற் சிந்தனைகளை உளமருத்துவத்துடன் இணைத்தோருள் சுவிற்சலாந்தைச் சேர்ந்த லுட்விக் பின்ஸ்வாங்கர், வியன்னாவைச் சேர்ந்த விக்ரர் பிராங்கிள் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்க உளமருத்துவரான இர்வின் யாலோம், 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மரணம், சுதந்திரம், தனிமை, பொருளின்மை ஆகிய நான்கினையும் மனித வாழ்வின் தவிர்க்கவொண்ணா நிலைமைகளாக வகுத்துக் காட்டினார்.

இந்நான்கும் குடும்பத்தினுள் வேற்றுருவிலேயே தோன்றுகின்றன. ஓய்வுபெற்ற தந்தையொருவர் மகனின் ஒவ்வொரு முடிவிலும் தலையிடுகின்றார் எனக் கொள்வோம். மகன் அதனை அதிகார வேட்கையெனக் கருதுவான். ஆனால், வாழ்நாள் சுருங்குகின்றது, இனித் தன்னால் யாருக்கும் பயனில்லை என்னும் அச்சமே அதன் அடியில் இருத்தல் கூடும். 'தந்தையாலேயே என் வாழ்வு கெட்டது' என மகன் கூறும்போது, தன் தெரிவுகளின் பொறுப்பினைத் தந்தைமீது சுமத்தும் ஆறுதலும் அக்கூற்றில் கலந்திருக்கலாம். அவ்வாறே, தம் தனிமையை மற்றவர் முற்றாகப் போக்கவேண்டும் என எதிர்பார்க்கும் கணவனும் மனைவியும் ஈற்றில் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவர். ஒருவரை 'நீ' என எதிர்கொள்வதற்கும், 'அது' எனப் பொருளாக நடத்துவதற்குமிடையே மாட்டின் பூபர் 1923இல் காட்டிய வேறுபாடு இங்கு பொருத்தமுடையதாகும்.

சிகிச்சையாளர் இங்கு நீதிபதியல்லர், அறிவுரை வழங்குபவருமல்லர். நிகழ்ந்தவற்றை முன்முடிவின்றி விவரிக்கச் செய்து, சினத்தின் பின்னுள்ள அச்சத்தையும் எதிர்பார்ப்பையும் உரியவரே இனங்காண உதவுகின்றார். மற்றவரை மாற்றும் வல்லமை நமக்கில்லை. அவருக்கு எவ்வாறு பதிலளிப்பது என்பதே நமது தெரிவுக்குட்பட்டது என்னும் தெளிவு இதன்வழிப் பிறக்கின்றது.

பிராங்கிளின் வாழ்வே இதற்குச் சான்று பகரும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா செல்ல அவருக்கு அனுமதி கிடைத்தது. முதிய பெற்றோரைக் கைவிட விரும்பாத அவர் அதனைப் பயன்படுத்தாது விட்டார். 1942இல் அவர்கள் அனைவரும் தெரேசியன்ஸ்ராட் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தந்தை அங்கேயே இறந்தார். தாய் பின்னர் அவுஸ்விட்ஸில் கொல்லப்பட்டார். எல்லோரும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. கடமை என வெளியிலிருந்து சுமத்தப்படுவதும், தானே தெரிந்து ஏற்பதும் ஒன்றல்ல என்பதே நாம் கொள்ளத்தக்கது. முன்னையது மனக்கசப்பை வளர்க்கும். பின்னையது உறவுக்குப் பொருள் தரும்.

எனினும், இச்சிகிச்சைக்கு எல்லைகளுண்டு. வன்முறை நிகழும் குடும்பத்தில் பாதிக்கப்பட்டவரிடம் 'உன் தெரிவு யாது?' என வினவுவது கொடுமையாகும். அங்கு பாதுகாப்பே முதன்மையானது. வறுமையும் இடப்பெயர்வும் தோற்றுவிக்கும் நெருக்கடிகளை மனநிலை மாற்றத்தால் மட்டும் நீக்குதலும் இயலாது.

இவ்வெல்லைகளை உணர்ந்து கையாளின், பிளவுண்ட உறவுகள் யாவும் மீண்டும் இணையாவிடினும், தாயை, தந்தையை, துணையைத் தம்மைப்போன்றே அஞ்சியும் தேடியும் வாழும் மனிதராகக் காண இச்சிகிச்சை வழிவகுக்கும். உறவு சீர்பெறுதல் அக்காட்சியிலிருந்தே தொடங்குகின்றது.