1,200 ரூபாய் இன்கிரிமெண்ட் வந்துச்சு, இஎஸ்ஐ போச்சு!

இன்கிரிமெண்ட் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லாரும் பார்க்கிறது ஒரே ஒரு நம்பரைத்தான்: மாசம் எவ்வளவு ஏறுச்சு? 21,000 ரூபாய்க்குப் பக்கத்துல சம்பளம் வாங்குறவங்க இன்னொரு நம்பரையும் பார்க்கணும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க சம்பளம் 20,800. இன்கிரிமெண்ட்டுக்கு அப்புறம் 22,000. இதுவரை உங்க பங்கா 0.75 சதவீதம், அதாவது 156 ரூபாய் இஎஸ்ஐ-க்குப் பிடிச்சாங்க. இனி அதுவும் இல்லை. ஆக, கைக்கு 1,356 ரூபாய் கூட வருது. சந்தோஷம்தான். ஆனா அந்த 156 ரூபாய்க்கு என்னென்ன கிடைச்சுதுன்னு பாருங்க. உங்களுக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, உங்களை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கு மருத்துவம். உடம்பு சரியில்லாம வேலைக்குப் போக முடியலைன்னா, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீத சம்பளம். இது மொத்தமும் போகுது. சுகர், பிபி இருக்கிற 60 வயசு அம்மாவுக்கு வெளியில பாலிசி எடுக்க பிரீமியம் கேட்டுப் பாருங்க, ஏறின சம்பளம் எங்க போகும்னு புரியும்.

எனக்கு இதுல கோபம் வர்றது வரம்பு இருக்கிறதுனால இல்லை. அரசு எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். ஆனா கோட்டைத் தாண்டினா சரிவு இருக்கணும், பள்ளம் இருக்கக் கூடாது. வருமான வரியில இதைச் செஞ்சிருக்காங்க. 2025-26-ல் புதிய முறைப்படி 12 லட்சம் வரைக்கும் வரி இல்லை. வரிக்குரிய வருமானம் 12,10,000 ஆச்சுன்னா ஸ்லாப் கணக்குப்படி 61,500 கட்டணும். ஆனா மார்ஜினல் ரிலீஃப் இருக்கிறதால, கூடுதலா சம்பாதிச்ச 10,000-க்கு மேல வரி போகாது, செஸ் மட்டும் தனி. 12 லட்சம் சம்பாதிக்கிறவருக்கு இருக்கிற இந்த இரக்கம், 21,000 சம்பாதிக்கிறவருக்கு இல்லை.

இன்னொண்ணு, இந்தக் கணக்கு ஆளைப் பார்க்குது, குடும்பத்தைப் பார்க்கலை. மனைவிக்கு 20,500, கணவருக்கு 60,000 சம்பளம்னு வைங்க. மனைவியோட இஎஸ்ஐ-ல கணவருக்கும் வைத்தியம் உண்டு. பக்கத்து வீட்டுல ஒருத்தர் 21,500 சம்பளத்துல மனைவி, 2 குழந்தைகள், அம்மான்னு 5 பேரை ஓட்டுறார். அவருக்கு ஒண்ணும் இல்லை. போதாததுக்கு, இந்த 21,000 வரம்பு வந்தது 2017 ஜனவரி 1-ல். அதுக்கு முன்னாடி 15,000. அதுக்கப்புறம் நகரவே இல்லை (மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 25,000). வாடகை அங்கேயே நிக்குதா என்ன?

சரி, இருக்கிற விதியை வச்சு நாம என்ன செய்யலாம்?

இன்கிரிமெண்ட் எந்த மாசத்துல இருந்து அமலுக்கு வருதுன்னு பாருங்க. இஎஸ்ஐ-ல பங்களிப்புக் காலம் ரெண்டு: ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச். நடுவுல சம்பளம் 21,000 தாண்டினாலும் அந்த ஆறு மாசம் முடியற வரைக்கும் நீங்க உள்ளேதான். ஏப்ரல்லயே 22,000 ஆச்சுன்னா உடனே வெளியே. மே மாசத்துல ஆச்சுன்னா செப்டம்பர் வரைக்கும் பிடித்தம் தொடரும். ஒரே ஒரு மாச வித்தியாசம்!

பிடித்தம் நின்ன அன்னிக்கே வைத்தியமும் நிக்காது. இது நிறைய பேருக்குத் தெரியறதில்லை. அக்டோபர்-மார்ச்சுல குறைஞ்சது 78 நாளுக்குப் பங்களிப்பு போயிருந்தா, அதுக்கான பலன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல்-செப்டம்பர் பங்களிப்புக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. ஆக மேல சொன்ன உதாரணத்துல, ஏப்ரல்ல வெளியே வந்தவருக்கு டிசம்பர் 31 வரைக்கும் மருத்துவப் பலன் இருக்கு. மே மாச ஆளுக்கு அடுத்த ஜூன் 30 வரைக்கும்.

இந்த இடைவெளியைத் தூங்கிக் கழிச்சுடாதீங்க. ஒரு கம்பெனி ஹெல்த் பாலிசியில இருந்து இன்னொண்ணுக்குப் போர்ட் பண்ணலாம், காத்திருப்புக் காலம் கணக்குல வரும். இஎஸ்ஐ-ல 10 வருஷம் இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது, பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பம். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்வாங்க. அதனால பழைய பலன் ஓடிட்டு இருக்கும்போதே புது பாலிசியை எடுத்துடுங்க.

குழந்தைக்குத் திட்டமிடுற பெண்கள் பயப்பட வேண்டாம். இஎஸ்ஐ-யை விட்டு வெளியே வந்தாலும் 26 வாரச் சம்பளத்தோட விடுப்பு சட்டப்படி உண்டு. கொடுக்க வேண்டியது கம்பெனி. பிரசவத்துக்கு முந்தைய 12 மாசத்துல 80 நாள் வேலை பார்த்திருக்கணும், அவ்வளவுதான்.

கடைசியா ஒண்ணு, எச்ஆர் கிட்ட கேட்க வேண்டியது. உங்க 20,800 சம்பளத்துக்குக் கம்பெனி தன் பங்கா 3.25 சதவீதம், மாசம் 676 ரூபாய் கட்டிட்டு இருந்துச்சு. வருஷத்துக்கு 8,112. இனி அந்தப் பணம் அவங்களுக்கு மிச்சம். "அதை குரூப் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்கிறதுக்குப் போடுவீங்களா?"ன்னு இன்கிரிமெண்ட் லெட்டர்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே கேளுங்க. அப்புறம் கேட்டா, அடுத்த அப்ரைசல்ல பார்க்கலாம்னுதான் பதில் வரும்.